மூன்று ஷிப்டுகளில் அப்பா

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கு எங்கள் வீட்டில் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் உண்மை.

"கடைசியா யூரின் எப்போ போனார்?"

அண்ணன் சேகர் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேரே வந்திருந்தான். "நேத்து சாயங்காலம் நான் கிளம்புறப்ப லுங்கி நனைஞ்சிருந்துது டாக்டர். மாத்திவிட்டுத்தான் போனேன்" என்றான்.

"ராத்திரி நானும் மாத்துனேன்" என்றார் அண்ணி வசந்தி.

"காலைலயும் ஈரமாத்தான் இருந்தது" என்றேன் நான்.

டாக்டர் இளம்பெண். எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "போனதைப் பாத்தீங்களா, ஈரத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அவர் அப்பாவின் சட்டையை மேலே தள்ளி, தொப்புளுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். அதுவரை தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்த அப்பா கட்டில் குலுங்கக் கத்தினார். அந்த இடம் புடைத்து இறுகியிருந்தது. தினமும் காலையில் அவருக்குச் சட்டை மாட்டிவிடுகிறவள் நான். அதைத் தொப்பை என்றே நினைத்திருந்தேன். கை கால் மெலிந்துகொண்டே போகிறவருக்குத் தொப்பை மட்டும் எப்படிப் போடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இது தொப்பை இல்லைம்மா, மூத்திரப்பை. அடைச்சிருக்கு. எத்தனை நாளா அடைச்சிருக்குன்னுதான் தெரியல."

"அடைச்சா லுங்கி எப்படி டாக்டர் நனையும்?" என்று அண்ணி கேட்டார்.

"மாடியில தண்ணித் தொட்டி நிரம்புனா வழியும் இல்ல? வழியறதைப் பாத்துட்டு, தொட்டி காலியாகுதுன்னு நெனச்சிட்டீங்க."

அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்து, ஒரு பவுண்டரியில் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வேலையில் ஓய்வுபெறும்வரை இருந்தவர். அம்மா இறந்த பிறகு, ஜூஜூவாடியில் வாடகை வீட்டில் அண்ணன், அண்ணி, நான், அப்பா என்று நான்கு பேர். ஒரு நாள் அப்பா மளிகைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி தெரியாமல் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை நடந்துவிட்டார். அதன்பின் பெங்களூரில் நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். படம் வரையச் சொன்னார்கள், கடிகாரத்தில் முள் போடச் சொன்னார்கள், மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். டிமென்ஷியா என்றார்கள். மறதிநோய். வயதானவர்களுக்கு வரும் சாதாரண மறதி அல்ல இது. மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால், முதலில் நேற்று நடந்தது போகும், பிறகு வழி போகும், பிறகு பெயர்கள், கடைசியில் விழுங்கும் பழக்கம்கூடப் போகும். திரும்பி வருகிற நோய் இல்லை. வேகத்தை மட்டும் சற்றுக் குறைக்கலாம் என்று மாத்திரை எழுதினார்கள்.

அப்போது அவர் எங்கள் மூவரையும் அறிந்திருந்தார். தானே சாப்பிட்டார். வெளியே தனியாக விட முடியாது, வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'ஒருவர் இருக்க வேண்டும்' என்பதை நாங்கள் எங்களுக்குத் தெரிந்த வழியில் தீர்த்தோம்.

அண்ணன் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். அவனுக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். அண்ணி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், அவருக்கும் மாறும். நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களைத் தயார் செய்யும் வேலையில். மதியம் போய் இரவில் திரும்புவேன். ஆகவே அப்பாவையும் மூன்று ஷிப்டாகப் பிரித்தோம். ஒருவர் படியிறங்கும்போது இன்னொருவர் படியேறுவார். கம்பெனியில் இயந்திரத்தை அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைக்கும்போது நிலைமையைச் சொல்லிவிட்டுப் போவார்களே, அதேபோல, செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வோம். "சாப்பிட்டாச்சு. மாத்திரை போட்டாச்சு. தூங்குறார்." அண்ணன் ஒருபடி மேலே போய், "ரன்னிங் கண்டிஷன்" என்பான். அப்பாவும் அதற்குச் சிரிப்பார். ஏற்பாடு நன்றாக ஓடுகிறது என்று எங்களுக்குப் பெருமைகூட இருந்தது. அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறோம்.

இந்த ஒப்படைப்பில் சிறுநீர் பற்றிய பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. மகளும் மருமகளும் அப்பாவின் குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பவர்கள். உள்ளே போய்ப் பார்ப்பது அவருக்கும் கூச்சம், எங்களுக்கும் கூச்சம். அண்ணன் பார்த்திருக்கலாம். எந்த ஷிப்ட் என்றாலும் அவன் வீட்டில் விழித்திருக்கும் நேரம் சிறிது மட்டும். அப்பா குளியலறைக்குள் போவார், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், வெளியே வருவார். எல்லாம் சரியாக நடந்தது என்று அந்தச் சத்தத்தை வைத்து முடிவு செய்தோம்.

பிறகு லுங்கி நனைய ஆரம்பித்தது. நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்று மூவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தோம். இணையத்தில் அப்படித்தான் இருந்தது. அடிக்கடி நனைப்பதால் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்தோம். ஒருவர் குறைத்தது மற்றவருக்குத் தெரியாது. மூவருமே குறைத்தோம்.

அதற்கடுத்த சில நாட்களில் அப்பா வேறு ஆளானார். பகலில் எழுப்ப முடியாமல் தூங்கினார். பொழுது சாய்ந்தால் எழுந்து உட்கார்ந்து, காற்றில் எதையோ பிடித்து இழுத்தார். அண்ணியைப் பார்த்து "யாரு நீ?" என்றார். அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தரையில் கால் வைக்கமாட்டேன் என்றார் அப்பா. ஏன் என்று கேட்டதற்கு, "மெட்டல் கெடக்கு. கண்ணு தெரியலயா உனக்கு?" என்று என்னை அதட்டினார். மெட்டல் என்றால் அவர் மொழியில் உருகிய இரும்பு. பக்கத்துத் தெரு டாக்டர் லேசான சளி என்று மருந்து கொடுத்து, "இந்த நோய் இப்படித்தான் போகும்" என்றார். அவர் சொன்னது பொதுவாகச் சரி. அப்பா விஷயத்தில் சரியில்லை.

மருத்துவமனையில் அந்த இளம் டாக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன், பலருக்குப் பயன்படலாம்.

"டிமென்ஷியா மாசக்கணக்கா, வருஷக்கணக்கா மெதுவா இறங்கும். நாலஞ்சு நாள்ல ஆள் தலைகீழா மாறிட்டார்னா அது டிமென்ஷியா இறங்கறது இல்ல. அது டெலிரியம். உடம்புல எங்கயோ ஒரு கோளாறு நடக்குது, ஏற்கெனவே பலவீனமான மூளை அதைத் தாங்க முடியாம குழம்புது. காய்ச்சல், தண்ணி வத்திப்போறது, மலச்சிக்கல், யூரின் அடைப்பு, புதுசா போட்ட மாத்திரை, எதுவா வேணா இருக்கலாம். தேடிப் பாத்தாதான் கிடைக்கும்."

"சரியாயிடுமா டாக்டர்?" என்றான் அண்ணன்.

"அடைப்பை எடுத்துடலாம். கிட்னியும் பெரும்பாலும் தேறிடும். மூளை எவ்வளவு தேறும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. சிலர் பழைய நிலைக்கு வருவாங்க. சிலர் பாதிக்கு வருவாங்க. சிலர் இப்ப இருக்கற இடத்துலயே நின்னுடுவாங்க."

'இப்ப இருக்கற இடம்' என்பது, கட்டிலில் கிடந்தபடி எங்களை யாரென்று தெரியாமல், கூரையைப் பார்த்துச் சத்தம் போடும் இடம். அப்பா அங்கேயே நின்றுவிடுவாரா, திரும்பி வருவாரா என்பது ஒன்றுதான் அடுத்துவந்த நாட்களில் எங்கள் கேள்வி.

புரோஸ்டேட் என்ற சுரப்பி வயதான ஆண்களுக்கு வீங்கி, சிறுநீர்ப் பாதையை நெருக்கும். அப்பாவுக்கு அது எப்போதோ வீங்கியிருக்கிறது. கதீட்டர் என்ற மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே செலுத்தினார்கள். அதன் மறுமுனையில் மாட்டிய பிளாஸ்டிக் பை நிரம்பியது. நர்ஸ் குழாயைச் சற்று நேரம் அடைத்துவைத்துவிட்டு மறுபடி திறந்தார். மறுபடி நிரம்பியது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற அளவு ஏறியிருந்தது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு அது. பின்னால் தேங்கிய நீரின் அழுத்தம் சிறுநீரகம் வரை போயிருந்தது. கிருமித் தொற்றும், அதனால் காய்ச்சலும் இருந்தன.

"இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா வேற பேச்சு பேசியிருப்போம்" என்றார் டாக்டர். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வார்டில் எங்களுக்குக் கிடைத்த வேலை கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. வேறொன்றுமில்லை. குழாய் வெளியே வந்துவிடாமல் இருக்க அதன் உள்முனையில் ஒரு சின்ன பலூனில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். குழம்பிய நிலையில் இருப்பவர் அதை இழுத்தால் உள்ளே கிழிந்து ரத்தம் வரும். முதல் நாளே அப்பா இழுத்துவிட்டார். பை சிவந்தது.

நர்ஸ் சுமதி அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். கட்டுத்துணிச் சுருளை எடுத்துவந்து கட்டில் கம்பியில் தொங்கவிட்டார். "கையக் கட்டணும்க்கா. எனக்கும் புடிக்கல. ஆனா இன்னொருவாட்டி இழுத்தாருன்னா ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் தூக்கணும்."

"கட்டாம இருக்க வழியே இல்லையா?"

"ஆளு இருந்தா கட்ட வேணாம். கையப் புடிச்சிக்கிட்டு ஒக்காரணும். எந்திரிச்சிப் போனா சொல்லிட்டுப் போங்க, நாங்க கட்டிடுறோம்."

அப்படியாக, அப்பாவின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றனவா இல்லையா என்பது எங்கள் கையில் எத்தனை நேரம் இருக்கிறது என்பதன் கணக்காயிற்று. மனிதர் இல்லாத இடத்தைத் துணி நிரப்பியது. பொய் சொல்வதற்கில்லை, சில மணி நேரங்கள் துணிதான் நிரப்பியது. கட்டியிருந்த நேரங்களில் அவர் கத்தவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பிவந்து அவிழ்த்துவிட்டால், அவிழ்த்தவரை மட்டும் அடித்தார்.

வராந்தாவில் நின்று அண்ணன் சூப்பர்வைசரிடம் போனில் பேசுவது எனக்குக் கேட்கும்.

"சார், அப்பாவுக்கு முடியல சார்... ஆமா சார், போன மாசமும் அப்பாதான்... இல்ல சார், அதே அப்பாதான்... ஆஸ்பத்திரி பேப்பர் வாட்ஸப்ல போடறேன் சார்... எத்தனை நாள்னு எப்படி சார் சொல்றது?"

போனை வைத்துவிட்டு என்னிடம், "செத்தா மூணு நாள் லீவு குடுப்பானாம். சாகாம கெடந்தா எந்தக் கணக்குல எழுதறதுன்னு அவனுக்குத் தெரியலயாம்" என்றான். சிரித்தான். பிறகு அப்பா படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணகிரியில் பழ மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். சர்க்கரை ஏறி, காலில் புண். துணைக்கு அவர் மனைவி ஷகிலாம்மா. ஒரு மதியம் நான் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கையக் குடு இங்க. நீ போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா."

"அடிப்பாரும்மா."

"அடிக்கட்டும். எங்க வீட்டுக்காரரு திட்டுறதுக்கு இது பரவாயில்ல." அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன் கணவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "கட்டிட்டு வந்த நாள்லேருந்து உங்க கைய இப்படிப் புடிச்சதில்ல. பாத்துக்கங்க. யாரோ பெத்த புள்ளையோட அத்தாவப் புடிச்சிட்டு ஒக்காந்திருக்கேன்."

"புடி, புடி. எனக்குக் கை வலிக்காம இருந்தாச் சரி" என்றார் பெரியவர். வார்டில் அன்று நான்கு கட்டில்களில் சிரித்தார்கள்.

நான் திரும்பிவந்தபோது அப்பா அவர் மடியில் கையை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஷகிலாம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எந்திரிச்சா முழிச்சுக்குவாரு" என்று உதட்டசைவில் சொன்னார். அன்று துணி தேவைப்படவில்லை.

மிக மோசமானது தரை துடைக்கும் நேரம். துடைக்கும் அம்மா வாளியோடு வார்டுக்குள் நுழைந்தாலே அப்பா எழுந்துவிடுவார். "தண்ணி கொண்டு வராத! ஏ பொம்பள, மெட்டல் கெடக்குடி, வெடிக்கும்! எலே சேகரு, ஓடுல!" உருகிய இரும்பில் தண்ணீர் பட்டால் உண்மையிலேயே வெடிக்கும். பவுண்டரியில் அதில் போன உயிர்கள் உண்டு என்று நாங்கள் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அவர் குழம்பிப் பேசியது வெறும் உளறல் அல்ல, ஒரு தொழிலாளியின் எச்சரிக்கை. இடமும் காலமும்தான் தவறு. பளபளக்கும் டைல்ஸ் தரை அவருக்குத் தகித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம், ஒருவரும் பேச்சைக் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்த பயம் அவருக்காக அல்ல, எங்களுக்காக. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினமாக இருந்தது.

காய்ச்சல் இறங்கியது. கிரியாட்டினின் இறங்கியது. குழப்பம் இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் நேராகிக்கொண்டிருக்க, மனிதர் மட்டும் நேராகவில்லை. டாக்டர் காலையில் வந்து அவர் கண்முன் விரலை நீட்டி, "ஐயா, இது யாரு?" என்று அண்ணனைக் காட்டுவார். அப்பா வேறுபக்கம் பார்ப்பார். டாக்டர் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அவர் நின்று ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு ஒரு காலை, துடைக்கும் அம்மா வாளியோடு வந்தார். நான் அப்பாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தேன். அவர் வாளியைப் பார்த்தார். துடைப்பான் கட்டிலுக்கு அடியில் போய்வந்தது. அவர் கால்களைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார். "அந்த மூலையில விட்டுட்டியே தாயி" என்றார்.

ஷகிலாம்மா எழுந்தே நின்றுவிட்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் வந்து கட்டிலருகே நின்றதும் அப்பா அவன் கம்பெனிச் சட்டையைப் பார்த்து, "எந்த ஷிப்டுலே உனக்கு?" என்று கேட்டார். அண்ணன் "ஜெனரல் ஷிப்ட்ப்பா" என்று பொய் சொன்னான். அண்ணியிடம், "வசந்தி, இந்த ஆஸ்பத்திரி காப்பி வாயில வைக்க முடியல" என்றார். அண்ணி அழுதபடியே வெளியே போய்க் காப்பி வாங்கி வந்தார். அதுவும் நன்றாக இல்லை என்றார் அப்பா.

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கையை மட்டும் விடுவித்துக்கொண்டார். நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். குழாய் இன்னும் சில வாரம் இருக்கும், புரோஸ்டேட்டுக்கு மாத்திரை உண்டு, தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும், வெளியேறுவதை அளந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார். "உங்கள்ல யாரு இவரைக் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் பாக்கறீங்க?"

"மாத்தி மாத்திப் பாக்கறோம் டாக்டர். ஒரு நிமிஷம்கூடத் தனியா விடறதில்ல" என்றான் அண்ணன்.

"அது தெரியுது. ஒவ்வொருத்தரும் நல்லாத்தான் பாத்திருக்கீங்க. ஆனா மூணு பேரும் மூணு துண்டு பாத்திருக்கீங்க. அவருக்கு எங்க வலிக்குதுன்னு அவரால சொல்ல முடியாது. முழு நாளையும் ஒருத்தர் மனசுல வெச்சிருந்தாத்தான், நேத்தைக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்னு தெரியும். உதவிக்கு எத்தனை பேர் வேணா இருக்கலாம். அந்த ஒருத்தர் யாருன்னு முடிவு பண்ணுங்க."

மருத்துவமனைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் முடிவு செய்யப் போனோம். வீட்டோடு ஆள் போட்டால் அதுவும் இன்னொரு ஷிப்ட்தான், ஒரு மாதம் ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர். அண்ணன் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் அண்ணியைப் பார்த்து, "நீ ஒரு ஆறு மாசம்..." என்று ஆரம்பித்தான்.

"ஏன், நான்னா சுலபமா?" என்றார் அண்ணி. "உன் வேலை வேலை, உன் தங்கச்சி எழுதறது எழுத்து, நான் மட்டும் வெறும் ஸ்க்ரூ மாட்றேனா? அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றாங்க. எத்தனை வருஷம் அதுக்கு நின்னிருக்கேன்னு உனக்குத் தெரியும்."

"நான் அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிச் சொன்ன?"

நான் வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்று சொன்னேன். தியாகம் எதுவும் இல்லை. மூன்று வேலைகளில் என்னுடையதைத்தான் வீட்டிலிருந்தும் கொஞ்சம் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். நாளிதழின் ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிடுவார். குழாயைத் தாண்டிக் கால் வைப்பார், கதவைத் தேடுவார், இப்போதுதான் சாப்பிட்டது தெரியாமல் சாப்பாடு கேட்பார், சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மறப்பார். தவறான செய்தி ஒன்று என் கையைத் தாண்டி அச்சில் போன பிறகு, நானே விலகிக்கொண்டேன்.

இப்போது அவருடைய முழு நாளும் எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது, எந்தப் பக்கம் படுத்தால் முனகுகிறார், மாலை வெளிச்சம் மங்கும்போது முதலில் எந்த விரல் நடுங்குகிறது, எல்லாம் தெரியும். குழாய் எடுத்தாகிவிட்டது. தொற்று மறுபடி வர ஆரம்பித்தபோது அன்றே கண்டுபிடித்தேன், மாத்திரையோடு போயிற்று. டாக்டர் பாராட்டினார். உடம்பு நன்றாக இருக்கிறது.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அப்பா, "சேகரு" என்பார். அண்ணி வந்தால் முகம் மலரும். "வசந்தி வந்துட்டா, இனிமே வாய்க்கு ருசியாக் கெடைக்கும்." இருவரும், "அப்பா நல்லாத் தேறிட்டார்" என்று சந்தோஷப்படுவார்கள். அவர்கள் பார்க்கும் அப்பா அப்படித்தான் இருக்கிறார்.

என்னை அவர் "ஏங்க" என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு, ஒரு வாய் சோறு ஊட்டும்போது, "போதும் மேடம்" என்றார். இன்னொரு நாள், "என் மக பத்திரிகை ஆபீஸ்ல இருக்கா. அவ வரட்டும், அவகிட்ட கேட்டுட்டுக் குளிக்கறேன்" என்றார். நான்தானப்பா அது என்றேன். பணிவாகத் தலையாட்டினார். பயப்படும் மனிதர் தலையாட்டுவதுபோல.

டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு இப்படி நடக்கிறது என்றார். வெளியே போய்த் திரும்பி வருகிறவர்களின் முகம் ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் புதிதாகக் கிடைக்கிறது, கூடவே இருப்பவர் சுவர்போல ஆகிவிடுகிறார் என்று அவருக்குத் தெரிந்த வகையில் விளக்கினார். இதற்கு மருந்து எதுவும் எழுதவில்லை.

போன வாரம் ஒரு மாலை அண்ணி வீட்டில் இருந்தார். நான் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, என் பெயரைச் சொன்னார். மருத்துவமனைக்குப் போனதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கும் முதல் முறை. கைநீட்டி அருகில் அழைத்தார். போய்க் குனிந்தேன். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வந்துட்டியா? உள்ள ஒருத்தி இருக்காம்மா. நாள் பூரா என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு நிமிஷம்கூட விடமாட்டேங்கறா. அவள அனுப்பிரு."

"அனுப்பிடறேன்ப்பா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.